டியூபாவுக்குப் புது வால்வு போடலாமா?

அமெரிக்காவில் பழைய பள்ளிக்கூடங்களின் சாமான் அறைகளிலும், ஓய்வுபெற்ற வாத்தியக்காரர்களின் வீட்டு நிலவறைகளிலும் எண்பது தொண்ணூறு வயதான டியூபாக்கள் இன்றும் கிடைக்கின்றன. யார்க், கான், ஹோல்டன், கிங் என்று ஒரு காலத்தில் பேர்போன பட்டறைகளில் உருவானவை. முலாம் போயிருக்கும், அங்கங்கே நசுங்கியிருக்கும். ஊதினால் மட்டும் அறை நிறைந்துவிடும். இப்படி ஒன்று கைக்கு வந்தவர்களுக்குச் சில மாதங்களில் ஒரு கேள்வி முளைக்கும். உடல் நன்றாக இருக்கிறது, வால்வுகள்தான் தேய்ந்துவிட்டன. அவற்றை அறுத்தெடுத்துவிட்டு இன்றைய பட்டறை ஒன்றின் புதிய வால்வுத் தொகுதியைப் பற்றவைத்துவிடலாமா? செலவு சில வேளை வாத்தியத்தின் விலையையே தாண்டும்.

பட்டறைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் துருவினால், ஒரு வால்வு எதைச் செய்யும், எவ்வளவு விலை கொடுத்தாலும் எதைச் செய்யவே செய்யாது என்று இயற்பியல் கறாராகச் சொல்லிவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு பணப்பையைத் திறப்பது நல்லது.

பித்தளைக் காற்று வாத்தியங்களில் ஆகத் தடித்த குரல் டியூபாவுடையது. அணிவகுப்பு பேண்டுகளில் ஒருவர் உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே அகன்ற வாய் தெரிய நடந்து வருவாரே, அந்த சூசாஃபோன் இதன் நெருங்கிய உறவு. டியூபாவை மடியில் வைத்து உட்கார்ந்து வாசிப்பார்கள். எடை பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். சுருட்டி வைத்திருப்பதால் நீளம் தெரிவதில்லை. பி-ஃபிளாட் சுருதியில் அமைந்த பெரிய டியூபாவின் குழாயை நேராக நீட்டினால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் வரும். ஒரு முனையில் மவுத்பீஸ், மறு முனையில் விரிந்த மணிவாய், நடுவில் வெறும் காற்று. நாணல் இல்லை, தந்தி இல்லை. அதிர்வது வாசிப்பவரின் உதடுதான்.

அந்தக் காற்றுத் தூண் எல்லா அதிர்வெண்ணுக்கும் இசைந்து கொடுக்காது. 29 ஹெர்ட்ஸ், அதன் இருமடங்கான 58, மும்மடங்கான 87, பிறகு 117, 146 என்று போகும் ஒரு வரிசைக்கு மட்டுமே அது மசியும். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் இந்தப் படிகளில் ஏறி இறங்கலாம். படிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. 58-ஐ ச என்று வைத்துக்கொண்டால் 87 ப. இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய இரண்டு ரி, இரண்டு க, இரண்டு ம ஆகிய ஆறு ஸ்வரஸ்தானங்களும் வெறும் குழாயில் கிடையாது.

புல்லாங்குழலில் துளைகளைத் திறந்து, குழலின் நீளத்தைக் குறைத்து இடைவெளிகளை நிரப்புகிறோம். டியூபாவுக்கு முன்னால் ஐரோப்பாவில் தாழ்ந்த குரலுக்கு இருந்த வாத்தியங்களும் இதே வழியில் போனவைதான். மரத்தில் வளைத்துச் செய்த சர்ப்பன்ட், 1817-இல் பாரிஸில் தோன்றிய ஓஃபிக்ளைட் இரண்டிலும் பக்கத் துளைகள் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1830-இல் தம் 'சிம்ஃபனி ஃபான்டஸ்டிக்'கை எழுதியபோது கையில் இருந்தது ஓஃபிக்ளைட்தான். பித்தளைக் குழாயில் துளை போடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மணிவாய் வழியே வரும் சுரத்துக்கும் பக்கத் துளை வழியே வரும் சுரத்துக்கும் குரல் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே ஆள் இரண்டு தொண்டையில் பாடுவதாகக் காதுக்குப் படும்.

மாற்று வழி பிறந்தது சுரங்கங்களும் உலைகளும் நிறைந்த சைலீசியாவில். அங்கே சுரங்கத் தொழிலாளர் இசைக்குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஃபிரெடரிக் ப்ளூமெல், ஊதுலைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களின் அடைப்பான்களைப் பார்த்துத்தான் தமக்கு யோசனை வந்ததாகச் சொன்னார். அதே வட்டாரத்தில் கொம்பு வாசித்த ஹைன்ரிச் ஷ்டோல்ட்ஸல் 1814-இல் வால்வு பொருத்திய கொம்பை வெளிக்காட்டியிருந்தார். முதலில் கண்டது யார் என்பது இன்றும் தீராத வழக்கு. 1818-இல் இருவரும் சேர்ந்தே பிரஷ்ய அரசிடம் காப்புரிமை வாங்கிக்கொண்டார்கள். குழாயைத் துளைத்துக் குறுக்குவதை விட்டுவிட்டு, விரலால் ஒரு கட்டையை அழுத்தி ஒலி அலையை ஒரு கூடுதல் சுற்றுக்குழாய்க்குள் திருப்பிவிடுவதே அவர்கள் செய்த புதுமை. குழாய் நீண்டால் சுரம் இறங்கும். எந்தச் சுரமாக இருந்தாலும் ஒலி வெளியேறுவது மணிவாய் வழியாகத்தான், ஆகவே குரலும் ஒன்று.

1835 செப்டம்பர் 12 அன்று பிரஷ்ய இராணுவ இசைக்குழுத் தலைவர் வில்ஹெல்ம் வீப்ரெஷ்டும் பெர்லினில் வாத்தியப் பட்டறை வைத்திருந்த யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸும் 'பாஸ் டியூபா'வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த முதல் டியூபாவிலேயே ஐந்து வால்வுகள் இருந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வரும். அதே 1835-இல் வியன்னாவில் யோசப் ரீடல் சுழலும் வால்வுக்கு, அதாவது ரோட்டரி வால்வுக்கு, உரிமை வாங்கினார். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் வால்வுக்குப் பாரிஸின் ஃபிரான்ஸுவா பெரினே இன்றைய வடிவத்தைக் கொடுத்தது 1830-களின் கடைசியில். இன்றைக்கு டியூபா கடைக்குப் போனால் நம் முன்னால் வைக்கப்படும் இரண்டு வகை வால்வுகளும் ஒரே பத்தாண்டின் பிள்ளைகள். புதிய வால்வு என்று விற்கப்படுவதெல்லாம் இந்த இரண்டின் மெருகேறிய வடிவங்களே.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டாம் வால்வை அழுத்தினால் சுரம் ஓர் அரைச்சுரம், அதாவது ஒரு ஸ்வரஸ்தானம், இறங்கும். முதல் வால்வுக்கு இரண்டு அரைச்சுரம், மூன்றாவதற்கு மூன்று. எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினால் ஆறு. ச-வுக்கும் ப-வுக்கும் நடுவில் காணாமல் போயிருந்த ஆறு இடங்களும் கிடைத்துவிட்டன என்று தோன்றும்.

கிடைக்கவில்லை. ஓர் அரைச்சுரம் இறங்க வேண்டுமென்றால் குழாயின் நீளத்தை 5.95 சதவீதம் கூட்ட வேண்டும். ஐந்தரை மீட்டருக்கு அது 33 சென்டிமீட்டர். இரண்டு அரைச்சுரத்துக்கு 67 சென்டிமீட்டர், மூன்றுக்கு 104. தனித்தனியே அழுத்தும்வரை எல்லாம் சரி. மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் சுற்றுக்குழாய்களின் மொத்த நீளம் 204 சென்டிமீட்டர். ஆறு அரைச்சுரம் இறங்கத் தேவைப்படுவதோ 228. தேவை கூட்டுவட்டியில் ஏறுகிறது, வால்வுகள் தனிவட்டிதான் கட்டுகின்றன. பற்றாமல் போகும் 24 சென்டிமீட்டர் காதுக்கு அரைச்சுரத்தில் பாதிக்கும் சற்றுக் கூடுதலான பிசகாகக் கேட்கும். நம் கச்சேரியில் ஒருவர் இந்த அளவு சுருதி விலகி நின்றால் தம்பூரா போடுபவரே முகம் சுளிப்பார்.

இந்த 24 சென்டிமீட்டரை எந்தப் புது வால்வாலும் தர முடியாது. வால்வின் உலோகம், மெருகு, ஸ்பிரிங் எதற்கும் இதில் பங்கில்லை. சுருதி சேரவில்லை என்பதற்காக வால்வை மாற்ற நினைப்பவர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நீளப் பஞ்சத்துக்கு மருந்து நீளம்தான். நான்காவது வால்வு ஒன்றை வைத்து அதற்கு ஐந்து அரைச்சுரத்துக்கான 184 சென்டிமீட்டர் குழாயைக் கொடுத்தால், ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் அது ஒன்றே போதும். மூன்றையும் அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டும் நான்கும். பிசகு பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் இன்னும் கீழே இறங்கப் பாருங்கள். நான்கையும் சேர்த்து அழுத்தினால் பதினோரு அரைச்சுரம் இறங்க வேண்டும். அதற்குத் தேவை 488 சென்டிமீட்டர், இருப்பது 388. முழுதாக ஒரு மீட்டர் குறைகிறது! ஏறக்குறைய இரண்டு அரைச்சுரப் பிசகு. வீப்ரெஷ்ட் எடுத்த எடுப்பிலேயே ஐந்து வால்வு வைத்ததற்கு இப்போது அர்த்தம் புரியும். இன்று இசைக்குழுக்களில் வாசிக்கும் சி, எஃப் சுருதி டியூபாக்களில் ஐந்தாவது வால்வு சர்வ சாதாரணம். ஆறு வைத்தவர்களும் உண்டு.

லண்டனில் பூஸி பட்டறையின் டேவிட் பிளெய்க்லி 1874-இல் வேறொரு தந்திரம் செய்தார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். நான்காவது வால்வு அழுத்தப்பட்டதும் அலை மற்ற மூன்று வால்வுகளுக்குள்ளும் இரண்டாம் தடவை நுழைந்து வரும்படி குழாயை அமைத்தார். அங்கே ஒவ்வொரு வால்வுக்கும் பின்பக்கம் ஒரு குட்டிச் சுற்றுக்குழாய் காத்திருக்கும். நான்காவது வால்வால் வாத்தியத்தின் நீளம் 7.34 மீட்டர் ஆகிவிடுகிறது. இந்த நீளத்தில் அரைச்சுரம் இறங்க 33 சென்டிமீட்டர் போதாது, 44 வேண்டும். மிச்சம் 11 சென்டிமீட்டரைக் குட்டிக் குழாய் கொடுத்துவிடும். வாசிப்பவர் எதையும் யோசிக்க வேண்டாம், வாத்தியமே கணக்கைத் திருத்திக்கொள்ளும். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் இன்றுவரை இதைவிட்டு நகரவில்லை. விலையாக எடையும் வளைவுகளும் கூடின, கசிய வாய்ப்புள்ள இணைப்புகளும் கூடின. அமெரிக்கர்கள் இதை விரும்பவில்லை. அவர்கள் இடது கையால் முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது அதன் சுற்றுக்குழாயில் இழுத்து நீட்டக்கூடிய பகுதியை, வாசிக்கும்போதே இழுத்தும் தள்ளியும் சரிசெய்துகொள்வார்கள். ஸ்லைடுக்கு இரண்டு கால் இருப்பதால் ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் குழாய் இரண்டு சென்டிமீட்டர் நீளும்.

சுருதி போகட்டும், வால்வு மந்தமாக இருக்கிறதே என்பது அடுத்த புகார். இதில் பாதி உண்மை. மறுபாதியைப் புரிந்துகொள்ள உதட்டுக்கும் மணிவாய்க்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உதடு அதிரத் தொடங்கியதும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் புறப்படுகிறது. மணிவாயை எட்டியதும் அது முழுதாக வெளியேறிவிடுவதில்லை; தாழ்ந்த சுரங்களில் பெரும்பங்கு திரும்பி உள்ளேயே வரும். இந்த எதிரொலி வந்து உதட்டைச் சரியான தருணத்தில் உந்தும்போதுதான் குழாய்க்குள் நிலை அலை உருவாகிச் சுரம் நிலைக்கிறது. போக வர 11 மீட்டர். ஒலி நொடிக்கு 345 மீட்டர் போகும். ஆக, முதல் எதிரொலி வர 32 மில்லிநொடி ஆகும். அதுவரைக்கும் குழாய் எவ்வளவு நீளம் என்ற செய்தியே உதட்டுக்குக் கிடையாது. 58 ஹெர்ட்ஸ் சுரத்தில் உதடு அதற்குள் இரண்டு முறை அதிர்ந்துவிடும்; 349 ஹெர்ட்ஸில் பதினோரு முறை. அந்தப் பதினோரு அதிர்வும் வாத்தியத்தின் துணையில்லாமல், வாசிப்பவரின் மனத்தில் ஒலிக்கும் சுரத்தை மட்டும் நம்பி நடப்பவை. சிகாகோ சிம்ஃபனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ், 'பாட்டும் காற்றும்' என்ற இரண்டு சொற்களில் தம் பாடத்தை அடக்கியிருந்தார். சுரத்தை மனத்துக்குள் பாடு, காற்றை விடு, மற்றதை உதடு பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஒலியியல் தெரிந்த யாரும் இதை வெறும் உபதேசம் என்று தள்ள மாட்டார்கள்.

நான்கு வால்வும் அழுந்தியிருக்கும்போது குழாய் 9.4 மீட்டர். எதிரொலி வர 54 மில்லிநொடி. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடையில் தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 125 மில்லிநொடி. கிட்டத்தட்டப் பாதி நேரம் எதிரொலிக்குக் காத்திருப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. அடிமட்டச் சுரங்களில் வேகமாக வாசிக்க முடியவில்லை என்று வால்வைத் திட்டுபவர் பல நேரம் குழாயின் நீளத்தைத்தான் திட்டுகிறார்.

வால்வின் மேலுள்ள உண்மையான குற்றச்சாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. டியூபாவின் வால்வுக் குழாய் 19, 20 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டது. பிஸ்டன் ஒரு துளையை விலக்கி இன்னொன்றைக் கொண்டுவர அந்த விட்டத்தைத் தாண்டி இறங்கியாக வேண்டும். டிரம்பெட்டோடு ஒப்பிட்டால் ஓட்டமும் அதிகம், பிஸ்டனின் எடையும் பல மடங்கு. திரும்பி எழும் நேரம் எடைக்கும் ஸ்பிரிங்கின் விறைப்புக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எழும் வேகத்தை இருமடங்காக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை நான்கு மடங்கு விறைப்பாக்க வேண்டும், விரல் தாங்காது. ஆகவே ஸ்பிரிங் மாற்றுவதால் பெரிய அதிசயம் நடந்துவிடாது. ரோட்டரி வால்வில் கால் வட்டம் சுழன்றால் போதும், விரல் நகரும் தூரம் குறைவு. ஆனால் நெம்புகோலையும் சுழலியையும் இணைக்கும் பழைய உலோக மூட்டுகள் தேய்ந்து கடகடவென்று சத்தம் போடும். அவற்றை எடுத்துவிட்டுக் குண்டு மூட்டுகள் போடுவது, என்னைக் கேட்டால், ரோட்டரி டியூபாவுக்குச் செய்யக்கூடிய ஆகச் சிறந்த சிக்கனமான மேம்பாடு. பித்தளையை எங்கும் அறுக்க வேண்டியதில்லை.

அடைப்பில்லாமல் ஊத வேண்டும், அதற்கு அகன்ற வால்வு வேண்டும் என்பதும் அடிக்கடி காதில் விழும் ஆசை. மவுத்பீஸின் தொண்டையைப் பாருங்கள்: விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். 19.5 மில்லிமீட்டர் வால்வுக் குழாயின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. மூச்சுக்கு இருக்கும் தடை உதட்டிலும் இந்தத் தொண்டையிலும்தான். வால்வை அடையும்போது காற்றுக்கு ஏற்கெனவே ஆறு மடங்கு இடம் கிடைத்துவிட்டது. நொடிக்கு ஒரு லிட்டர் ஊதினால் தொண்டையில் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டர், வால்வில் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. அலை ஓடுவதோ 345 மீட்டர் வேகத்தில். ஒரு சுரத்துக்காக ஊதிய மூச்சு மணிவாயை அடைவதற்குள் அந்தச் சுரம் அரங்கின் கடைசி வரிசையைத் தாண்டியிருக்கும். வால்வு வழியே காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறது என்பது நினைக்குமளவு பெரிய விஷயமில்லை. அலை சிதறாமல் போய்த் திரும்புகிறதா என்பதே விஷயம்.

அங்கேதான் கசிவு வருகிறது. தேய்ந்த வால்வைப் பற்றிய கவலை முழுவதையும் இதற்கே ஒதுக்கலாம்.

நன்றாகச் செய்த பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 25 முதல் 50 மைக்ரான் வரை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடுக்கில் எண்ணெய் தங்கி அடைத்துக்கொள்கிறது. வருடக்கணக்கில் உரசி, விரல் சாய்வாக அழுத்தி, ஒரு பக்கம் தேய்ந்து, இடைவெளி பெரிதாகும்போது எண்ணெயால் நிற்க முடிவதில்லை. குறுகிய இடுக்கின் வழியே பாயும் காற்றின் அளவு இடுக்கு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு; மும்மடங்கானால் இருபத்தேழு. பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் வாத்தியம் திடீரென்று கெட்டுவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

கசிவு என்றதும் காற்று வீணாவதாக நினைக்கிறோம். டியூபாக்காரர் வீணாக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. கெடுதல் வேறு: நேர்வழியில் போக வேண்டிய அலையில் ஒரு பங்கு, மூடியிருக்க வேண்டிய சுற்றுக்குழாய்க்குள் ஒழுகித் தவறான நேரத்தில் திரும்புகிறது. எதிரொலி பலவீனமாகிறது, குழாயின் ஒத்ததிர்வு முகடுகள் தாழ்கின்றன. 32 மில்லிநொடி காத்திருந்த உதட்டுக்கு வந்து சேர்வது தெளிவில்லாத செய்தி. சுரம் உடனே பேசாது, தொடக்கம் குழறும், மேல் சுரங்கள் வழுக்கும்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். வால்வு எதையும் அழுத்தாமல் ஒரு ஸ்லைடை வெளியே இழுங்கள். சில நொடி பொறுத்து அதற்குரிய வால்வை அழுத்துங்கள். பளிச்சென்று 'டப்' சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சத்தமே வராவிட்டால் அதற்குள் காற்று எங்கோ புகுந்துவிட்டது. வால்வில் காற்றுப்போக்கித் துளை போட்ட வாத்தியத்தில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. இன்னொன்று, கெட்டியான வால்வு எண்ணெய் ஒரு புட்டி வாங்கிப் போட்டு ஊதிப் பாருங்கள். விரலுக்குக் கொஞ்சம் மந்தமாகும். ஆனால் சுரங்கள் சட்டென்று பேச ஆரம்பித்தால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மாற்றம் ஒன்றும் தெரியவில்லையா, வால்வை விட்டுவிட்டு வேறெங்காவது தேடுங்கள்: பற்றவைப்பு விட்ட மூட்டுகள், எச்சில் வடிக்கும் குமிழின் தேய்ந்த தக்கை, மவுத்பீஸ்.

துளைக்கு நேர் துளை நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்பவை வெறும் கம்பளி வட்டுகளும் தக்கைத் துண்டுகளும்தான். அவை வருடம் போகப் போக நசுங்கும், துளை விலகும். ரோட்டரி வால்வில் மூடியைத் திருகி எடுத்தால் சுழலியின் முனையிலும் தாங்கு தகட்டிலும் கீறல் குறிகள் தெரியும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாமலே ஆயிரக்கணக்கான டாலருக்குப் புது வால்வு கேட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அசையாத தேய்மானத்துக்கு நூறாண்டுப் பழக்கமுள்ள வைத்தியம் முலாம்தான். கூட்டின் உட்புறத்தை மறுபடி உருண்டையாகத் தேய்த்து, பிஸ்டனுக்கு நிக்கல் முலாம் கனமாக ஏற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை தேய்த்து எடுப்பார்கள். மெதுவான வேலை, ஆனால் வாத்தியத்தின் வடிவம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டியூபா மெல்ல மெல்ல அகலும் கூம்பு. அதன் ஒத்ததிர்வுகள் 29, 58, 87 என்று ஒழுங்கான மடங்குகளில் வந்து நிற்பது அந்த அகலும் விதத்தால். வால்வுப் பகுதி மட்டும் அகலாத நேர் உருளை. புதிய தொகுதி பொருத்தும்போது உள்விட்டமும் குழாய்களின் இடைவெளியும் பழையதோடு ஒத்துப்போவது அபூர்வம். கிளைக்குழாய்களை வெட்டி, வளைத்து, புதிதாக ஒட்டுப்போட வேண்டும். கூம்பில் எங்கே எவ்வளவு உருளை நுழைகிறது என்பது மாறினால் ஒவ்வொரு ஒத்ததிர்வும் வெவ்வேறு அளவில் நகரும். நல்ல தொழிலாளி கையில் வாத்தியம் முன்னைவிட மேம்பட்டதும் உண்டு. எதற்காக அந்தப் பழைய டியூபாவை விரும்பினோமோ அந்தக் குணமே போய்விட்டதும் உண்டு.

ஜேக்கப்ஸ் வாசித்த வாத்தியம் இதற்கு நல்ல சாட்சி. மிஷிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் ஊரின் யார்க் பட்டறை, ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுக்காகச் செய்த சி சுருதி டியூபா அது. நான்கு பிஸ்டன், ஐந்தாவதாக ஒரு ரோட்டரி. ஜேக்கப்ஸ் மாணவராக இருந்தபோது அது அவர் கைக்கு வந்தது. இப்போது சிகாகோ சிம்ஃபனிக்குச் சொந்தம். சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ருன்னரும் ஜப்பானின் யமஹாவும் அதை அளந்து பிரதிகள் செய்தார்கள். உலகம் முழுவதும் டியூபாக்காரர்கள் அந்த வாத்தியத்தைப் பற்றிப் பேசும்போது பேசுவது அதன் உடலையும் அது அகலும் விதத்தையும் பற்றித்தான். வால்வைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

மாற்றிய பிறகு அருமையாக ஒலிக்கிறது என்று சொல்பவர்களை நம்பலாமா? கொஞ்சம் எச்சரிக்கையோடு. காற்றின் வெப்பம் பத்து டிகிரி ஏறினாலே சுருதி ஏறக்குறைய 30 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, மேலே போய்விடும். குளிர்ந்த பட்டறையில் ஒரு நாள், சூடான அறையில் இன்னொரு நாள் என்று ஊதிப் பார்த்து ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது. பிரிட்டனின் ஒலியியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்மித், மணிவாயின் தகட்டுத் தடிமனில் மட்டும் வேறுபட்ட டிராம்போன்களைத் தேர்ந்த கலைஞர்களுக்குக் கொடுத்து, எது எதுவென்று தெரியாதபடி வாசிக்கச் செய்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பணம் செலவழித்தவரின் காது நடுநிலையானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வட்டுகளையும் தக்கைகளையும் மாற்றி, கெட்டி எண்ணெய் போட்டு ஒரு மாதம் வாசியுங்கள். கசிவுதான் என்று உறுதியானால் பழைய பிஸ்டனுக்கே முலாம் ஏற்றுங்கள். கூடு வெடித்தோ அரித்தோ காப்பாற்ற முடியாத நிலைக்குப் போயிருந்தால் மட்டும் புதுத் தொகுதி. மூன்று வால்வு மட்டுமே உள்ள டியூபாவில் இசைக்குழு வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த விதி பொருந்தாது. அவருக்குத் தேவை கூடுதல் நீளம், அதை நான்காவது ஐந்தாவது வால்வுகள்தான் கொடுக்கும். அதற்கும் அந்த வாத்தியத்தை அறுப்பதைவிட, அதை விற்றுவிட்டு ஐந்து வால்வு உள்ள வேறொன்றை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் மலிவு.